பாட்டுக்கு ஒருவர், கணக்குக்கு நால்வர்: அமெரிக்க ஜோனிங்கும் வீட்டுத் தொழிலும்

நியூயார்க் நகரம் 1961-ல் கொண்டுவந்த ஜோனிங் விதிகளில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில்கள் பற்றி ஒரு சின்னப் பத்தி உண்டு. வீட்டில் டியூஷன் எடுக்கலாம், ஒரே நேரத்தில் நாலு மாணவர்கள் வரை உட்காரலாம். ஆனால் சொல்லிக்கொடுப்பது சங்கீதம் என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாணவர்தான். கணக்குக்கு நாலு பேர், பாட்டுக்கு ஒருத்தர். நம்ம ஊர்ப் பாட்டு டீச்சரிடம் சொன்னால் சிரித்துவிடுவார். எட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சரளி வரிசையைக் கத்துவதுதானே பாட்டு கிளாஸ்!

சரி, சத்தம் வரும், பக்கத்து ஃபிளாட்காரர் பாவம் என்று அதையாவது புரிந்துகொள்ளலாம். அதே பத்தியில் இன்னொரு பட்டியல் இருக்கிறது, வீட்டில் செய்யவே கூடாத தொழில்கள். முடிதிருத்துவது, பியூட்டி பார்லர், குதிரை லாயம், நாய்கள் வைத்துப் பராமரிப்பது, மருந்துக்கடை, ரியல் எஸ்டேட், இன்சூரன்ஸ், பங்குத் தரகு, கால்நடை வைத்தியம், விளம்பர ஏஜென்சி, இன்டீரியர் டெக்கரேட்டர். குதிரை சரி. இன்டீரியர் டெக்கரேட்டர் செய்த பாவம் என்ன? ஓவியர் வீட்டிலேயே ஸ்டூடியோ வைக்கலாம், வக்கீலும் டாக்டரும் வீட்டிலேயே ஆபீஸ் வைக்கலாம். திரைச்சீலைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவர் மட்டும் கூடாது.

பத்திருபது வருஷமாக மற்றவர்கள் எழுதிய கோடைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு ஃபங்ஷனுக்குள் இப்படி விசித்திரமான விதிவிலக்குகள் குவிந்திருந்தால், யாரோ எப்போதோ பட்ட ஒரு அடிக்குப் போட்ட பேட்ச் அது என்று உடனே தோன்றும். இந்தப் பட்டியலும் அப்படித்தான். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. சண்டைகளின் வேரைத் தேடிப் போனால் 1961-ல் நிற்க முடியவில்லை, 1880-களுக்குப் போய்விட்டேன்.

முதலில் அடிப்படை. ஜோனிங் என்பது நகரத்தை வரைபடத்தில் கூறுபோட்டு, இந்தக் கூறில் குடியிருப்பு, இதில் கடை, இதில் தொழிற்சாலை என்று ஒதுக்குவது. ஆனால் குடியிருப்பு என்றால் என்ன? மனிதன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவதோடு நிற்பதில்லையே. கார் நிறுத்துவான், தோட்டம் போடுவான், கோழி வளர்ப்பான், துணி தைப்பான். அதனால் விதி எழுதியவர்கள் இரண்டாவதாக ஒரு கருத்தைக் கொண்டுவந்தார்கள், துணைப் பயன்பாடு. வீடு என்பது முதன்மைப் பயன்பாடு. அதைச் சார்ந்து, அதைவிடச் சிறியதாக, அதே மனையில், வழக்கமாக வீட்டோடு சேர்ந்தே இருந்துவருகிற எதுவும் துணைப் பயன்பாடு. கராஜ், கொட்டகை, நீச்சல் குளம், டாக்டரின் முன்னறை எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன.

இதில் ‘வழக்கமாக’ என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், மொத்தச் சிக்கலும் அதற்குள்தான். யாருடைய வழக்கம்?

கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்று ஒரு சிறு ஊர். 1885-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். பொது லாண்டரி நடத்துவதென்றால் ரயில் பாதைக்கு மேற்கே, ஜி தெருவுக்குத் தெற்கே இருக்கிற பகுதியில் மட்டுமே நடத்தலாம். சட்டத்தில் ‘சீனர்’ என்ற சொல்லே கிடையாது. தேவையும் இல்லை. அன்றைய கலிபோர்னியாவில் லாண்டரி என்றாலே சீனர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் முதல் ஜோனிங் சட்டம் என்று இதைச் சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அடுத்த ஆண்டே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது.

சான் பிரான்சிஸ்கோவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே மரக் கட்டடத்தில் லாண்டரி நடத்த நகர மேற்பார்வையாளர்களின் அனுமதி வேண்டும் என்று 1880-ல் விதி. தீ விபத்து பயம் என்பது காரணம், நியாயமான காரணம்தான். ஊரில் சுமார் 320 லாண்டரிகள், அதில் ஏறக்குறைய 310 மரக் கட்டடங்கள், 240-க்கு உரிமையாளர்கள் சீனர்கள். அனுமதி கேட்ட 200 சீனர்களுக்கும் இல்லை என்று பதில். சீனர் அல்லாத 80 பேர் கேட்டார்கள், ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. ஈக் வோ என்ற லாண்டரியின் உரிமையாளர் 22 வருஷமாக ஒரே இடத்தில் வேலை செய்துவந்தவர். பத்து டாலர் அபராதத்தைக் கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனார். 1886-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: சட்டத்தின் வாசகம் நடுநிலையாக இருந்தாலும், அதை ஓர் இனத்தின் மீது மட்டும் செலுத்தினால் அது சமத்துவ மீறல். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் படிக்கிற வழக்கு.

கவனிக்க வேண்டியது, அந்த லாண்டரிக்காரர்களில் பலர் கடையிலேயே குடியிருந்தவர்கள். முன்னால் துவைப்பதும் இஸ்திரியும், பின்னால் படுக்கை. வீடும் தொழிலும் வேறு வேறு என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது. அந்தப் பிரிவினை வசதியானவர்களின் வீட்டிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் கதையை ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுவது சுலபம். பல கட்டுரைகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அதே 1880-களில் நாட்டின் மறுகோடியில் நடந்ததையும் சொல்லாவிட்டால் அது பாதிக் கதைதான்.

நியூயார்க்கின் நெரிசல் குடியிருப்புகளில் சுருட்டு சுற்றுவது அன்று பெரிய தொழில். முதலாளியே கட்டடத்தை வாடகைக்கு விட்டு, அதே அறையில் குடும்பத்தோடு சுருட்டு சுற்ற வைப்பார். வேலை போனால் வீடும் போகும். சுருட்டுத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் காம்பர்ஸ், சட்டமன்றத்தில் இருந்த ஓர் இளைஞரை அந்த வீடுகளுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அந்த இளைஞர் தியோடர் ரூஸ்வெல்ட். பிற்காலத்தில் தன் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார்: ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள், படுக்கைக்குப் பக்கத்திலும் சாப்பாட்டு மிச்சத்துக்குப் பக்கத்திலும் புகையிலைக் குவியல். அரசு இதில் தலையிடவே கூடாது என்ற எண்ணத்தோடு போனவர், மனம் மாறித் திரும்பினார். 1884-ல் அடுக்குக் குடியிருப்புகளில் சுருட்டு உற்பத்திக்குத் தடை வந்தது.

அந்தத் தடை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. பீட்டர் ஜேக்கப்ஸ் என்பவர் தன் ஃபிளாட்டின் ஒரு அறையில் புகையிலை வேலை செய்ததற்காகக் கைதானார். அவருடையது ஏழு அறை கொண்ட வீடு. ரூஸ்வெல்ட் பார்த்த மாதிரி வீடு இல்லை. வழக்குக்குத் தோதான மனிதர்! 1885 ஜனவரியில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. ஒருவர் தன் வீட்டில், வீட்டின் நல்ல சூழலுக்குள், தன் தொழிலைச் செய்வதை அரசு தடுக்க முடியாது, உடல்நலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது தீர்ப்பின் சாரம். குடும்பத்தின் புனிதம் பற்றியெல்லாம் நீதிபதி உருகியிருக்கிறார். புகையிலைக்கு நடுவே தூங்கும் குழந்தைகளின் வீட்டுக்கு அந்த உருக்கம் எப்படிப் பொருந்தும் என்று ரூஸ்வெல்ட் கடைசி வரை கோபத்தோடுதான் இருந்தார்.

ஆக, வீட்டில் தொழில் என்பதற்கு அன்றைக்கே இரண்டு முகம். ஒன்று, பிழைக்க வேறு வழி இல்லாதவரின் சுதந்திரம். இன்னொன்று, தொழிற்சாலைக்குப் போட்ட எல்லா விதியையும் தாண்டிக் குதிக்க முதலாளிக்குக் கிடைத்த சந்து. இன்றைக்கும் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வார்த்தையால் குறிப்பதால் வாதம் முடிவதே இல்லை.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் 1908-ல் பெரும் பரப்புகளைக் குடியிருப்பு மாவட்டங்களாக அறிவித்தது. அங்கே செங்கல் சூளை வைத்திருந்த ஹடாசெக் என்பவர், இந்த மண் செங்கல்லுக்கு என்றால் 8 லட்சம் டாலர் பெறும், வீட்டு மனையாக என்றால் 60 ஆயிரம்தான் என்று வாதாடிப் பார்த்தார். 1915-ல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 1916 ஜூலையில் நியூயார்க் நகரம் முழுவதற்குமான முதல் விரிவான ஜோனிங் சட்டத்தை இயற்றியது. வானுயரக் கட்டடங்களின் நிழல்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. ஐந்தாம் அவென்யூவின் பெரிய கடைக்காரர்களுக்கு வேறு கவலை இருந்தது. பக்கத்துக் கட்டடங்களின் தையல் பட்டறைகளிலிருந்து மதிய வேளையில் இறங்கிவந்து நடைபாதையில் கூடி நிற்கும் குடியேறித் தொழிலாளர்கள். அவர்களைப் பார்த்தால் பணக்கார வாடிக்கையாளர் வரமாட்டாராம். அந்தப் பட்டறைகள் வெளியேற வேண்டும் என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார்கள்.

அந்தச் சட்டத்தை வடித்த வழக்கறிஞர் எட்வர்ட் பாசெட் பிறகு ஊர் ஊராகப் போய் ஜோனிங்கைப் பரப்பினார். வணிகத் துறைச் செயலாளராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், மாநிலங்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்துக் கொடுத்தார். எங்கள் பாஷையில் சொன்னால் டெம்ப்ளேட். 1926-ல், கிளீவ்லேண்டுக்குப் பக்கத்து யூக்ளிட் கிராமத்தின் ஜோனிங்கை எதிர்த்து ஆம்ப்ளர் நிறுவனம் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 6-3 என்று கிராமத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அதோடு ஜோனிங்கின் அரசியல் சாசனச் சண்டை பெரும்பாலும் முடிந்தது. தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்று வர்ணித்த தீர்ப்பு அது. அடுக்குமாடிக்கே இந்த மரியாதை என்றால் முன்னறையில் முடிவெட்டுகிறவருக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஊராக எழுதப்பட்ட விதிகளில் வீட்டுத் தொழிலுக்கான பகுதி ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். தொழில் வழக்கமானதாக இருக்க வேண்டும். வீட்டில் குடியிருப்பவரே செய்ய வேண்டும். வெளியாள் கூடாது, அல்லது ஒரே ஒருவர். வீட்டுப் பரப்பில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. வெளியே சரக்கு அடுக்கக் கூடாது. பெயர்ப் பலகை ஒரு சதுர அடியோ இரண்டு சதுர அடியோ. தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே தொழில் நடப்பதே தெரியக் கூடாது. உதாரணத்துக்கு டாக்டர், வக்கீல், பாட்டு வாத்தியார், துணி தைப்பவர் என்று நாலு பேரைச் சொல்லியிருப்பார்கள்.

இந்த நாலு பேர் யார்? 1900 வாக்கில் வசதியான புறநகர்த் தெரு ஒன்றில் நடந்து போனால் கண்ணில் பட்டிருக்கக்கூடியவர்கள். வழக்கம் என்று விதி சொன்னது அந்தத் தெருவின் வழக்கம். லாண்டரிக்காரர், செருப்பு தைப்பவர், தள்ளுவண்டியில் விற்க வீட்டில் பண்டம் செய்கிறவர் எல்லோரும் அதே காலத்தில் வேறு தெருவில் இருந்தார்கள், அவர்களுக்கும் வழக்கம் இருந்தது, அது விதியில் ஏறவில்லை. பியூட்டி பார்லர் 1920-களில் பரவிய புதுத் தொழில் என்பதால் ‘வழக்கமான’ என்ற சொல்லில் தடுமாறியது. வீட்டில் அதை நடத்தலாமா என்று மாநிலம் மாநிலமாக வழக்குகள், மாநிலத்துக்கு ஒரு தீர்ப்பு. வெறுத்துப்போன ஊர்கள் பார்லர் கூடாது, பார்பர் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதத் தொடங்கின. நியூயார்க்கின் 1961 பட்டியலை இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால்தான் அர்த்தம் தெரிகிறது.

விதியின் கண்ணுக்குத் தெரியாத தொழில்களும் உண்டு. 1951-ல் டப்பர்வேர் நிறுவனம் தன் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, பிரவுனி வைஸ் என்ற பெண்மணியின் யோசனைப்படி வீட்டு விருந்துகளில் மட்டும் விற்க ஆரம்பித்தது. வரவேற்பறையில் இருபது பெண்கள், கேக், காபி, வாசலில் வரிசையாக கார்கள், மேஜை மேல் சரக்கு. வந்தவர் விருந்தாளியா வாடிக்கையாளரா? இதே கூட்டம் முடி சுருட்டிக்கொள்ள வந்திருந்தால் பல ஊர்களில் நோட்டீஸ் வந்திருக்கும்.

நம்ம துறையின் கோயில் ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. பாலோ ஆல்ட்டோவில் அடிசன் அவென்யூ 367-ஆம் எண் வீட்டின் பின்னால் 12-க்கு 18 அடியில் ஒரு மரக் கராஜ். பில் ஹியூலெட்டும் டேவ் பேக்கர்டும் 1938-ல் 538 டாலர் முதலில் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். சிலிகான் வேலியின் பிறப்பிடம் என்று கலிபோர்னியா அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. பேக்கர்டும் மனைவியும் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார்கள். ஹியூலெட் கொல்லைப்புறக் கொட்டகையில் படுத்துக்கொண்டார். பின்னாளில் பரவலான விதிகளை இதன் மேல் வைத்துப் பாருங்கள். துணைக் கட்டடத்தில் உற்பத்தி, கொட்டகையில் ஆள் குடியிருப்பு, கராஜில் கார் இல்லை. எத்தனை ஊர்களில் இதற்கு அனுமதி கிடைத்திருக்கும்? கராஜில் கம்பெனி தொடங்கினோம் என்று பெருமை பேசும் நாட்டில்தான், கராஜில் கம்பெனி நடத்தக் கூடாது என்று ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நடைமுறையில் இந்த விதிகளை யாரும் வீடு வீடாகப் போய்ச் சோதிப்பதில்லை. புகார் வந்தால்தான் அதிகாரி வருவார். அதனால் ஒரு தெருவில் பத்துப் பேர் மீறிக்கொண்டிருப்பார்கள், பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் உள்ள ஒருவர் மட்டும் மாட்டுவார். நியூ ஜெர்சியிலும் ஃப்ரீமாண்டிலும் பேஸ்மென்டில் பரதநாட்டியமும் ஹாலில் கர்நாடக சங்கீதமும் சொல்லிக்கொடுக்கும் நம் பெண்கள், அக்கம்பக்கத்து முகம் பார்த்துத்தான் கார் நிறுத்தச் சொல்வார்கள். என் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் கிளாஸுக்கும் கிளாஸுக்கும் நடுவே கால் மணி இடைவெளி விடுவார். போகிற காரும் வருகிற காரும் தெருவில் சந்திக்கக் கூடாதாம். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். விதியில் இல்லை, எதிர்வீட்டு மாமியின் ஜன்னலில் இருக்கிறது என்றார்.

விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபுளோரிடாவின் மயாமி ஷோர்ஸ் நல்ல உதாரணம். அங்கே ஒரு தம்பதி 17 வருஷமாக வீட்டின் முன்புறம் காய்கறி வளர்த்துவந்தார்கள். வெயில் படுவது அந்தப் பக்கம்தான். 2013-ல் ஊர் விதி மாறியது. காய்கறித் தோட்டம் கொல்லையில் மட்டும் போடலாம், மீறினால் நாளுக்கு 50 டாலர் அபராதம். முன்புறம் பூச்செடி வைக்கலாம், பழமரம் வைக்கலாம், கத்திரிக்காய் கூடாது! நீதிமன்றங்கள் ஊரின் பக்கமே நின்றன. 2019-ல் மாநில அரசு காய்கறித் தோட்டத்தை உள்ளூர் நிர்வாகம் தடுக்கக் கூடாது என்று தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அதே மாநிலம் 2021-ல் வீட்டுத் தொழில்கள் மீதான உள்ளூர்க் கெடுபிடிகளையும் தளர்த்தியது.

நாஷ்வில் இன்னும் வேடிக்கை. சங்கீத நகரம் என்றுதான் அதற்குப் பெயர். 1998-லிருந்து அங்கே வீட்டில் தொழில் செய்யலாம், ஆனால் வாடிக்கையாளர் ஒருவர்கூட வாசல்படி ஏறக் கூடாது. வீட்டுக்குள் ஒலிப்பதிவு ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரும், முடிதிருத்தும் ஒரு மூதாட்டியும் நகரத்தின் மீது வழக்குப் போட்டார்கள். குழந்தைகள் காப்பகத்துக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. வழக்கு நடக்கும்போதே, 2020-ல், நகர மன்றம் விதியைத் தளர்த்தியது. நாளுக்கு ஆறு பேர் வரை வரலாம்.

கலிபோர்னியா சமையலறையில் ஆரம்பித்தது. 2013 முதல், ரொட்டி, பிஸ்கட், ஜாம் மாதிரி ஃப்ரிட்ஜ் தேவைப்படாத பண்டங்களை வீட்டில் செய்து விற்பதை எந்த ஊரும் அடியோடு தடுக்க முடியாது. தயிர்சாதக்காரர்கள் 2018 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டுச் சட்டம், ஒப்புக்கொள்ளும் கவுன்டிகளில் வீட்டில் சமைத்த சாப்பாட்டையே விற்கலாம் என்றது. முதலில் வைத்த வரம்பு நாளுக்கு 30 சாப்பாடு, வாரத்துக்கு 60, வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலர் விற்பனை.

இந்தப் புது விதிகளில் எனக்குப் பிடித்தது, தொழிலின் பெயரைக் கேட்பதைக் குறைத்துவிட்டு எண்ணிக்கையைக் கேட்பது. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை தட்டு, எவ்வளவு சத்தம். பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கமும் முக்கியம்தான், அதை டெசிபலில் அளந்துவிட்டுப் போகலாம். ஆனால் ரூஸ்வெல்ட் பார்த்த அறைக்கு இந்த எண்கள் பதில் சொல்லாது. வாடிக்கையாளர் யாரும் வராமல், சத்தம் போடாமல், பீஸ் கணக்கில் இரவெல்லாம் தைக்கிற வீடு எல்லா வரம்புக்குள்ளும் அழகாக அடங்கிவிடும். அமெரிக்காவில் அதைத் தொழிலாளர் சட்டம் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. 1940-களில் ஏழு ஆடைத் தொழில்களில் வீட்டு வேலையையே மத்திய அரசு தடை செய்தது. 1980-களில் வெர்மான்டில் வீட்டில் கம்பளி பின்னுகிற பெண்கள் அந்தத் தடைக்கு எதிராகக் கிளம்ப, தொழிற்சங்கங்கள் தடை நீடிக்க வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போயின. தளர்த்தி, கோர்ட்டில் தோற்று, 1984-ல் மறுபடி தளர்த்தினார்கள். 1885-ன் அதே வாதம், சுருட்டுக்குப் பதில் ஸ்வெட்டர்.

நியூயார்க்கின் அந்தப் பத்திக்கு வருவோம். 2024 ஜூன் மாதம் நகர மன்றம் அதைத் திருத்தியது. 63 வருஷத்துக்குப் பிறகு முடிதிருத்துபவரும் இன்டீரியர் டெக்கரேட்டரும் தங்கள் வீட்டிலேயே தொழில் செய்யலாம். வெளியாட்கள் ஒருவருக்குப் பதில் மூன்று பேர் வரை. கால் பங்கு, அதிலும் 500 சதுர அடிக்கு மேல் கூடாது என்று இருந்த பரப்பளவு இப்போது 49 சதவீதம். அதென்ன 49 என்று கேட்கத் தோன்றும். ஐம்பதைத் தொட்டுவிட்டால் எது வீடு, எது தொழில், எது எதற்குத் துணை என்று சொல்ல முடியாமல் போய்விடும். துணை என்ற சொல்லை விடாமலே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்.